நோம்புக் கயிறு மாமியாருக்கு உண்டா, இல்லையா?

கேள்வி, 3 அக்டோபர் 2025

எங்கள் வீடு பாலக்கோட்டுப் பக்கம். மாமனார் இந்தப் பங்குனியில் தவறிவிட்டார். இந்த வருஷம் தீபாவளி கிடையாது, நோம்பும் கிடையாது, அது தெரியும். நேற்று வந்திருந்த பெரிய நாத்தனார், "அடுத்த வருஷத்திலிருந்து அம்மா நோம்புப் பூஜைக்குச் சட்டி எடுக்கக் கூடாது, கயிறும் கட்டக் கூடாது. கேதார கௌரி நோம்பு சுமங்கலிக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் வாயே திறக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அதிரசம் சுட்டதும் சட்டி எடுத்ததும் அவர்தான். நான் பிறந்த வீட்டில் நோம்பு இல்லை, எனக்கு முறை தெரியாது. நாத்தனார் சொல்வது சரியா?

3 அக்டோபர், இரவு

சரியில்லை, தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நோம்பு அன்று யார் யார் கயிறு கட்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெண்களுக்கு இடக்கையில், ஆண்களுக்கு வலக்கையில். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கும் உண்டு, தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் உண்டு. சுமங்கலிக்கு மட்டும்தான் கயிறு என்றால் உங்கள் நாத்தனாரின் தம்பி இத்தனை வருஷம் எந்தக் கணக்கில் கட்டிக்கொண்டார்?

4 அக்டோபர்

கதையைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நோம்பு அன்று படிப்பதை எல்லோரும் காதில் வாங்குகிறோம், ஆனால் அதிரசத் தட்டின் மேல்தான் கண் இருக்கும்.

பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் வணங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தார். அம்மன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாலும் வண்டாக மாறி நடுவில் துளைத்துக்கொண்டு சிவனை மட்டும் வலம் வந்தார். அம்மனுக்குக் கோபம். "உன் உடம்பில் என் பங்கான ரத்தத்தையும் சதையையும் கொடுத்துவிடு" என்றாள். அவர் எலும்பும் தோலுமாக நிற்க முடியாமல் தள்ளாடினார். சிவன் மூன்றாவது காலைக் கொடுத்து நிறுத்திவைத்தார். அம்மன் கைலாயத்தை விட்டு இறங்கி கௌதம முனிவரின் ஆசிரமத்துக்கு வந்தாள். அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இந்த விரதம். புரட்டாசி வளர்பிறைத் தசமியில் ஆரம்பித்து, தீபாவளியை ஒட்டி வருகிற அமாவாசையில் முடிவது. எண்ணிப் பாருங்கள்: தசமியிலிருந்து பௌர்ணமி வரை 6 திதி, தேய்பிறையில் அமாவாசை வரை 15 திதி, ஆக 21. கயிற்றில் 21 இழை, 21 முடிச்சு, தட்டில் 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறது. இந்த வருஷம் அந்தத் தசமி 2-ம் தேதி, விஜயதசமி அன்று. அதாவது, உங்கள் நாத்தனார் பேச்சை எடுத்ததே விரதம் தொடங்குகிற நாளில்.

முடிவில் அம்மன் என்ன கேட்டாள் என்பதுதான் விஷயம். புருஷனுக்கு ஆயுள் கேட்கவில்லை. சிவனுக்கு எதற்கு ஆயுள்? உடம்பில் பாதியைக் கேட்டாள், வாங்கினாள். அர்த்தநாரீஸ்வரர் அப்படி வந்தவர். திருச்செங்கோட்டு மலைக் கோவிலின் தலபுராணமும் இதையே சொல்கிறது. நமக்குச் சேலம் தாண்டினால் திருச்செங்கோடு. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று ஒரு சில நிமிஷம் மட்டும் ஆடிவருகிறாரே, அவரும் இவர்தான்.

பங்கு கேட்டு எடுத்த விரதத்தை வைத்துக்கொண்டே ஒரு பெண்ணின் பங்கைப் பிடுங்குவதா? இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

5 அக்டோபர்

"சாவித்திரி எமனிடம் போராடி சத்தியவானை மீட்ட நோன்புதானே இது, கணவன் போன பிறகு என்ன வேண்டிக்கொள்வது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாவித்திரி கதை காரடையான் நோன்புக்கு உரியது. அது மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரத்தில், மார்ச் நடுவில் வரும். அரிசி மாவும் காராமணியும் சேர்த்து வெல்ல அடை, உப்பு அடை, மேலே வெண்ணெய். கழுத்தில் மஞ்சள் சரடு. கணவனைப் பிரியாமல் இருக்க வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொள்வார்கள். தர்மபுரி டவுனில் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன், கிராமங்களில் அனேகமாக இல்லை.

நம் நோம்பில் கயிறு கழுத்துக்குப் போவதில்லை. மணிக்கட்டில் கட்டுகிறோம். தாலியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

7 அக்டோபர்

என் அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அரூர் பக்கம். அப்பா போய் வருஷம் திரும்பிய பிறகு வந்த முதல் நோம்பு. அம்மா வழக்கம்போல அரிசி ஊறப்போட்டார், இடித்தார், பாகு காய்ச்சினார், சுட்டார். எங்கள் வீட்டில் கடைக் கயிறு வாங்குவதில்லை. வெள்ளை நூலை 21 இழையாகச் சேர்த்து, அரைத்த மஞ்சளில் முக்கி, ஈரத்தோடு கதவு நாதாங்கியில் மாட்டி முறுக்குவோம். முறுக்க முறுக்க மஞ்சள் தண்ணீர் முழங்கை வரை வழியும். காய்ந்ததும் முடிச்சு போடுவது அப்பாவைப் பெற்ற ஆயாவின் வேலை. முடிச்சுக்கு முடிச்சு வாயில் எண்ணிக்கொண்டே போடுவார், நடுவில் பேச்சுக் கொடுத்தால் திட்டு விழும். அன்றைக்கு வீட்டில் இருந்த தலைகளுக்கு ஒரு கயிறு குறைவாக இருந்தது. யார் சொல்லியும் இல்லை. அம்மாவே தனக்கு நூல் எடுக்காமல் விட்டிருக்கிறார்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் நடந்திருக்கிறது, எனக்கு அப்புறம்தான் தெரியும். ஊருக்கு வெளியே ஒரு கோவிலில், சட்டிகளை வரிசையாக வைத்துப் பூஜை செய்த இடத்தில், கயிறு கொடுத்துக்கொண்டு வந்தவர் ஒரு விதவைப் பெண்ணைத் தாண்டிக்கொண்டு அடுத்தவருக்குப் போயிருக்கிறார். அம்மா அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அப்போது அப்பா உயிரோடு இருந்தார். பார்த்ததை மனதில் போட்டு வைத்திருந்து, தன் முறை வந்தபோது யாரும் தாண்டுவதற்கு முன்னால் தானே ஒதுங்கிக்கொண்டார்.

பெரியப்பாதான் அதைக் கவனித்தார். எங்கள் பங்காளிகளில் மூத்தவர், அதிகம் பேசாதவர். "நோம்பு வீட்டோடது. அவன் கொண்டுவந்ததும் இல்லை, அவனோட போறதும் இல்லை. நூலை எடு" என்றார். ஆயா எழுந்து போய்த் திரும்பவும் மஞ்சள் அரைத்தார். எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருந்தோம். ஒரு கயிறு முறுக்கிக் காய்வதற்கு அன்றைக்கு அவ்வளவு நேரம் ஆனது. தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஆயாவே மருமகள் கையில் அதைக் கட்டினார். அம்மா இன்றும் கட்டிக்கொள்கிறார்.

தங்கச்சி, உங்கள் வீட்டில் அந்தப் பெரியப்பாவின் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நாத்தனாரோடு நீங்கள் நேரடியாக மல்லுக்கு நிற்க வேண்டாம். புகுந்த வீட்டு முறையைப் பற்றி, நோம்பு இல்லாத வீட்டிலிருந்து வந்த மருமகள் பேசினால் எடுபடாது. பங்காளிகளில் மூத்தவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

7 அக்டோபர், கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்று உறுத்துகிறது. பெரியப்பா சொன்னதால் நடந்தது என்று எழுதிவிட்டேன். ஆயா மறுத்திருந்தால் பெரியப்பா சொல் செல்லாது. மஞ்சள் அரைத்த கை ஆயாவுடையது. ஆகவே உங்கள் வீட்டில் வயதான பெண்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள்.

9 அக்டோபர்

ஓசூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் வடக்கத்திக் குடும்பங்கள் நிறைய, நாளைக்கு கர்வா சௌத். சூரிய உதயத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, ராத்திரி நிலாவைச் சல்லடை வழியாகப் பார்த்து, அதே சல்லடை வழியாகக் கணவன் முகத்தைப் பார்த்து, அவர் கையால் தண்ணீர் குடித்து முடிப்பார்கள். "நம் கேதார கௌரியும் அதுவும் ஒன்றுதானே" என்கிறார். கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வருகிறது, அவ்வளவுதான். அது பௌர்ணமி கழிந்த நான்காம் நாள், நிலா பார்த்து முடிப்பது. நம்முடையது நிலாவே இல்லாத அமாவாசையில் முடிவது. அங்கே வேண்டுதல் கணவனின் நீண்ட ஆயுள்.

ஆனால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்த விஷயத்தில் ரொம்பப் பணக்கார இடம். தெலுங்கு பேசுகிற வீடுகளில் கர்வா சௌத்துக்கு முந்தின திதியில் அட்ல தத்தி. கல்யாணம் ஆகாத பெண்களும் இருப்பார்கள். விடியும் முன்பே எழுந்து சாப்பிட்டுவிட்டு, ஊஞ்சல் ஆடி, சாயங்காலம் தோசை சுட்டுப் படைப்பார்கள். கன்னடம் பேசுகிற வீடுகளில் விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் கௌரி ஹப்பா; இந்த வருஷம் ஆகஸ்ட் 26. மஞ்சளில் கௌரி பிடித்து, பதினாறு முடிச்சுப் போட்ட நூலை வலக்கையில் கட்டிக்கொள்வார்கள். முறத்தில் வளையல், கண்ணாடி, சீப்பு, தானியம் எல்லாம் வைத்து இன்னொரு முறத்தால் மூடி சுமங்கலிகளுக்குக் கொடுப்பது அந்தப் பண்டிகையின் அழகு. வடக்கே அதே திதியில் ஹர்தாலிகா தீஜ்.

இன்னொன்று: ஜூலை 24 நமக்கு ஆடி அமாவாசை. நாம் ஒகேனக்கல்லிலும் தென்பெண்ணைக் கரையிலும் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்த அதே நாளில், கன்னட வீடுகளில் பீமன அமாவாசை. மனைவி கணவனின் பாதத்துக்குப் பூஜை செய்கிற நாள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் திவசச் சமையல், எதிர்வீட்டில் பூஜைச் சமையல். தேன்கனிக்கோட்டையில் என் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தபோது அன்றைக்குத்தான் எனக்கு இது புரிந்தது. நாள் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு வீட்டு விதியை எடுத்து இன்னொரு வீட்டுக்குப் போடக் கூடாது. "நோம்பு சுமங்கலிக்குத்தான்" என்ற பேச்சும் வேறு விரதங்களிலிருந்து இங்கே ஒட்டிக்கொண்டு வந்தது என்றே நினைக்கிறேன். வரலட்சுமி விரதத்துக்குச் சுமங்கலிகளை அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கிற வழக்கம் இப்போது எல்லா ஊரிலும் பரவிவிட்டது, அந்தப் பழக்கத்தில் இதையும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

10 அக்டோபர்

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பமாக இருக்கிறவர்கள் தண்ணீர் இல்லாமல் விரதம் இருக்கவே கூடாது. எங்கள் பக்கம் நோம்புக்குப் பகலில் பாலோ பழமோ எடுத்துக்கொள்வதைத் தப்பாக யாரும் பேசியதில்லை.

12 அக்டோபர்

கேட்டவர் திரும்பவும் எழுதியிருக்கிறார். ஒரு வருஷம் விட்டால் நோம்பு அறுந்துவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது என்று பக்கத்து வீட்டு அம்மா பயமுறுத்துகிறாராம்.

இந்தப் பயம் எல்லா ஊரிலும் உண்டு. நோம்புக் கதையில் வருகிற பாக்கியவதி கயிற்றைக் கழற்றி எறிந்ததால் செல்வம் எல்லாம் போய்த் தெருவுக்கு வந்தாள் என்ற கதையைப் பிடித்துக்கொண்டு சொல்வது. அவள் அலட்சியத்தில் எறிந்தாள். நீங்கள் துக்கத்தில் நிறுத்துகிறீர்கள். இரண்டும் ஒன்றா? அதோடு, அதே பாக்கியவதிக்குத் திரும்பவும் நோன்பு எடுத்த பிறகு போனதெல்லாம் திரும்பி வந்ததாகத்தான் கதை முடிகிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

எங்களில் தீட்டு வருஷத்தில் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். பங்காளி அல்லாத, நோம்பு உள்ள சொந்தக்காரர் வீட்டுச் சட்டியில் நமக்கும் சேர்த்து ஒரு கயிறு வைக்கச் சொல்வோம். அதை வாங்கி வந்து சாமி அறையில் வைத்துவிடுவது, கட்டுவதில்லை. அடுத்த வருஷம் அதை முன்னால் வைத்துத் தொடங்கிக்கொள்வது. நோம்பே இல்லாத வீடுகள் புதிதாக எடுப்பதும் இப்படித்தான், இருக்கிறவர்கள் கையால் கயிறு வாங்கித்தான். உங்கள் ஊரில் கொஞ்சம் மாறலாம், மாமியாரிடமே கேளுங்கள். அவரைக் கேட்பதே நல்லது. முறை தெரிந்தவர் வீட்டில் அவர்தான் என்பதை நாலு பேர் முன்னால் காட்டினமாதிரி இருக்கும்.

14 அக்டோபர்

"இவ்வளவு சண்டை எதற்கு, ஒரு நூல்தானே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நூலுக்காக இல்லை, தம்பி.

நம் மாவட்டத்துக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. பெண் சிசுக்கொலை. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தார்கள், 2001-ல் அது தர்மபுரிக்கும் வந்தது. பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் விட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டிய நிலையில் இருந்த ஊர் இது. 18 வயது முடிவதற்குள் கல்யாணம் பண்ணிவைக்கிற வழக்கமும் இரண்டு மாவட்டத்திலும் இன்னும் ஒழிந்தபாடில்லை, அதிகாரிகள் போய் நிறுத்துகிற செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. பெண்ணுக்கு மதிப்பு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுப்பதில் தொடங்கி, அவன் போனதும் முடிந்துவிடுகிறது என்ற ஒரே எண்ணத்தின் இரண்டு முனைகள் இவை. ஒரு முனையில் தொட்டில், இன்னொரு முனையில் கயிறு கட்டாத கை.

அப்படிப்பட்ட மண்ணில், பிறந்த பெண் குழந்தைக்கும் கயிறு உண்டு, கல்யாணம் ஆகாதவளுக்கும் உண்டு, எல்லோருக்கும் ஒரே 21 இழை என்று ஒரு நோம்பு இருக்கிறது. அதையும் சுமங்கலிக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டால் நம்மிடம் என்ன மிச்சம்?

14 அக்டோபர், இரவு

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம். அந்தத் தம்பி நல்ல பிள்ளை, உடனே பதில் போட்டிருக்கிறார். அவர் வீட்டில் நோம்புக் கயிற்றை வருஷம் முழுக்கக் கழற்றாமல் வைத்திருப்பவர் அவர்தானாம். கல்லூரியில் கேலி செய்தும் கழற்றவில்லையாம்.

18 அக்டோபர்

நோம்பு திங்களா செவ்வாயா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தீபாவளி 20, திங்கள். அமாவாசை அன்று பிற்பகலில் பிறந்து செவ்வாய் மாலை முடிகிறது. திங்கள் சாயங்காலம் சட்டி எடுக்கிற வீடுகளும் உண்டு, செவ்வாய்க்கிழமை பகலில் எடுக்கிற வீடுகளும் உண்டு. உங்கள் ஊர்க் கோவிலில் என்றைக்கு என்று கேட்டு அன்றைக்கு எடுங்கள். செவ்வாய் என்றால் சூரியன் சாய்வதற்குள் முடித்துவிடுங்கள். இதற்கெல்லாம் சண்டை வேண்டாம்.

19 அக்டோபர்

அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது என்று மூன்று பேர். பாகு இளம்பதத்தில் இறக்கியிருப்பீர்கள். ஒரு தட்டுத் தண்ணீரில் சொட்டு விட்டு உருட்டினால் மெத்தென்று உருண்டை நிற்க வேண்டும், அதுதான் பதம். கெட்டியாக உருண்டு தட்டில் சத்தம் வந்தால் தாண்டிவிட்டது, அதிரசம் கல்லாகிவிடும். பிரிகிற மாவில் கொஞ்சம் ஈரப் பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் விட்டுச் சுடுங்கள். பலகாரக் கடையில் வாங்கி 21 எண்ணிவைக்கிறவர்களும் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி இல்லை. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

23 அக்டோபர்

கேட்டவரிடமிருந்து சேதி. மாமியாரின் அக்கா ஒருவர் காரிமங்கலத்தில் இருக்கிறாராம், எண்பதைத் தாண்டியவர், அவரும் கணவரை இழந்தவர்தான். செவ்வாய்க்கிழமை தன் கையில் கட்டிய புதுக் கயிற்றோடு பேரனுடைய பைக்கில் வந்து இறங்கினாராம். இந்த வீட்டுக்காகத் தன் சட்டியில் வைத்த கயிற்றைச் சாமி அறையில் வைத்துவிட்டு, நாத்தனாரைக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு அடுத்த வருஷம் நான் வந்து கட்டுவேன்" என்றாராம். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை என்கிறார். சம்மதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தங்கச்சி.

மாமியார் உங்களுக்கு அதிரசம் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பங்குனியில் வருஷத் திதி முடிந்ததும் ஆரம்பியுங்கள். முதல் தடவை ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போதும். அரிசியை நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தட்டும்போதே அரைத்துவிட வேண்டும். அடுத்த தீபாவளி 2026 நவம்பர் 8, ஞாயிறு. அன்று மதியத்துக்குள்ளேயே அமாவாசை பிறந்துவிடுவதால் திங்களா செவ்வாயா என்ற பிரச்சினையும் வராது, சாயங்காலம் சட்டி எடுத்துவிடலாம். காரிமங்கலத்துப் பெரியம்மாவுக்கு முன்கூட்டியே வண்டி சொல்லிவிடுங்கள். அந்த வயதில் இன்னொரு தடவை பைக் வேண்டாம்.